ஊசி போட்டவர் எங்கே?

இதை ஜிம்முக்குப் போற வழியில ஹெட்செட் மாட்டிக்கிட்டு கேட்டுட்டு இருக்கீங்கன்னா, உங்களுக்கும் இதுல கொஞ்சம் சேதி இருக்கு. ஆனா பேச்சை ஜிம்ல இருந்து தொடங்கப் போறதில்லை. கோவில்பட்டியில இருந்து தொடங்குறேன்.

கோவில்பட்டின்னு சொன்னா பாதிப் பேருக்கு கடலை மிட்டாய் ஞாபகம் வரும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய். இன்னும் கொஞ்சப் பேருக்கு தீப்பெட்டி. ஊருக்குள்ள வந்து ரெண்டு நாள் தங்கினவங்களுக்குத்தான் மூணாவதா ஒண்ணு தெரியும்: ஹாக்கி. சுத்தி எந்தப் பக்கம் போனாலும் கரிசக்காடு. மழை பெஞ்சா உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம். பெய்யலைன்னா வெடிச்சுக் கிடக்கிற தரை. அந்தக் காட்டுக்கு நடுவுல கிருஷ்ணா நகர்ல ஒரு செயற்கைப் புல்தரை ஹாக்கி மைதானம் இருக்கு. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கிப் போட்டி இங்கதான் நடந்தது. அதே மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் ரெண்டு தமிழ்நாட்டுப் பையன்கள். ஒருத்தர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருத்தர் அரியலூர்ல இருந்து வந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரா இந்தியா அடிச்ச கோல் கார்த்தியோடது. இவங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்குப் பேசப்போற விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன். இந்த மண்ணுல விளையாட்டுக்கு என்ன அர்த்தம்னு புரியறதுக்காக அவங்களைச் சொன்னேன்.

சென்னையில, கோயம்புத்தூர்ல, பெங்களூருல இருக்கிற உங்களுக்கு விளையாட்டுன்னா வார இறுதி டர்ஃப் கிரிக்கெட், மாரத்தான் டி-ஷர்ட், ஸ்மார்ட் வாட்ச்ல ஸ்டெப் கணக்கு. தப்பில்லை, நானும் அதெல்லாம் செய்றவன்தான். ஆனா பாண்டவர்மங்கலத்துலயோ இலுப்பையூரணியிலயோ நாலாட்டின்புத்தூர்லயோ ஒரு பையன் ஓடுறான்னா, அவன் ஒரு வேலையை நோக்கி ஓடுறான். ரயில்வே, வருமான வரித்துறை, போலீஸ், ராணுவம். தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. கல்லூரி சீட்டுக்கும் கோட்டா இருக்கு. இந்தப் பையன்கள் பேசிக்கிறதைக் கேட்டா ஒரு வார்த்தை அடிக்கடி வரும்: “ஃபார்ம் டூ வெச்சிருக்கியா?” மாநில அணிக்காக தேசியப் போட்டியில ஆடினதுக்கான சான்றிதழ் அது. அந்த ஒரு தாள் இருந்தா ஒரு குடும்பமே தீப்பெட்டி ஆபீஸ் கூலியில இருந்து மாதச் சம்பளத்துக்கு மாறிடலாம். மானாவாரிக் காட்டுல விதைச்சவன் ஒரே ஒரு மழையை நம்பி உட்கார்ந்திருக்கிற மாதிரி, இவங்களும் ஒரே ஒரு செலக்ஷனை நம்பி உட்கார்ந்திருக்காங்க.

இப்ப அந்த மெயிலுக்கு வர்றேன். போன எபிசோடுக்குப் பிறகு ஒரு தோழி எழுதியிருந்தாங்க. எட்டயபுரம் பக்கத்துக் கிராமம். இவங்க சென்னையில ஐ.டி. வேலை. தம்பிக்கு 17 வயசு, 400 மீட்டர் ஓடுறான். மாநில செலக்ஷன் வருது. அவன் போற ஜிம்ல ஒரு அண்ணாச்சி, “ஒரு கோர்ஸ் போட்டுக்க, ரெண்டு செகண்ட் குறையும். எல்லாரும் போடுறதுதான். இதெல்லாம் மருந்தே இல்ல, சத்து ஊசி”ன்னு சொல்லியிருக்கார். பையன் அக்காகிட்ட காசு கேட்டிருக்கான். அவங்க எழுதின கேள்வியை அப்படியே வாசிக்கிறேன்: “அண்ணே, எல்லாரும் போடுறாங்கன்னா இவன் மட்டும் போடாம நின்னா அது நேர்மையா, ஏமாளித்தனமா?”

நல்ல கேள்வி. “சீ, தப்பு”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டுப் போனா அந்தக் கேள்விக்கு அவமரியாதை.

முதல்ல, “எல்லாரும் போடுறாங்க”ங்கிறது உண்மையா? உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, அதான் வாடா, வருஷா வருஷம் கணக்கு வெளியிடும். 2022-ல் இந்தியாவில் 3,865 மாதிரிகள் எடுத்தாங்க, 125 சிக்கியது. 2023-ல் 5,606-க்கு 213. 2024-ல் 7,113-க்கு 260. நிறைய மாதிரிகள் எடுக்கிற நாடுகள்ல மூணு வருஷமா சதவீதத்தில் நாமதான் முதல் இடம். 2024-ல் சீனா 24,000-க்கும் மேல பரிசோதிச்சு 43 பேர்தான் சிக்கினாங்க. 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்ல நடக்கப்போகுது, 2036 ஒலிம்பிக்ஸும் வேணும்னு கேட்டுட்டு இருக்கோம். கையில இந்தப் பட்டியலை வெச்சுக்கிட்டுதான் கேட்டுட்டு இருக்கோம்.

ஆனா இதே கணக்கை இன்னொரு பக்கமாவும் படிக்கணும். 7,113 மாதிரியில 6,850-க்கும் மேல எதுவும் சிக்கலை. சிக்காதது எல்லாம் சுத்தம்னு சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. மருந்தை எப்ப நிறுத்தினா மாட்டாதுன்னு கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஆட்களும் இருக்காங்க. ஆனாலும் “எல்லாரும்”ங்கிறது விக்கிறவன் சொல்ற வார்த்தை. அந்த வார்த்தைதான் அவனோட முதல் சரக்கு, ஊசி அதுக்கப்புறம்தான் வரும்.

2023 செப்டம்பர்ல டெல்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்தது. ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். கடைசி நாள் நாடா அதிகாரிகள், அதாவது நம்ம தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை ஆட்கள், மாதிரி எடுக்க வந்துட்டாங்கன்னு செய்தி பரவுச்சு. அவ்வளவுதான். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில எட்டுப் பேர் நிக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருத்தர் நின்னார். லலித் குமார். அவர் மட்டும் தனியா ஓடினார். கழிப்பறையில பயன்படுத்தின ஊசிகள் கிடந்ததா வீடியோ சுத்துச்சு. நம்ம ஆட்கள் எல்லாரும் அதை ஃபார்வர்ட் பண்ணிச் சிரிச்சோம். எனக்கு அதுல உறுத்தினது வேற. அந்த லலித் குமார் தன்னோட வாழ்க்கையில ஒரு இறுதிப் போட்டி ஓட வந்தவர். எதிர்ல யாருமே இல்லாம ஜெயிச்சா அது ஜெயிப்பா? அந்த ஏழு பேர் அவர்கிட்ட இருந்து ஒரு பந்தயத்தையே பறிச்சுட்டுப் போயிட்டாங்க.

இந்தப் பறிப்புதான் இன்னைக்குப் பேச்சு. அதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போயிட்டு வருவோம்.

பேஸ்பால் நமக்குப் புரியாத ஆட்டம். கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. நம்ம சிக்ஸர் மாதிரி அங்க ஹோம் ரன். ஒரு சீசன்ல 60 ஹோம் ரன் அடிச்சு 1927-ல் பேப் ரூத் சாதனை வெச்சார். 1961-ல் ரோஜர் மாரிஸ் 61. அதுக்கப்புறம் 37 வருஷம் யாராலும் தாண்ட முடியலை. திடீர்னு 1998-ல் மார்க் மெக்வயர் 70 அடிக்கிறார். 2001-ல் பேரி பாண்ட்ஸ் 73. ஆட்களோட கையும் கழுத்தும் பெருத்துக்கிட்டே போகுது. எல்லார் கண்ணுக்கும் தெரியுது. ஆனா 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் வெறிச்சோடிப் போன மைதானங்கள் இப்ப நிரம்பி வழியுது. 1998-ல் மெக்வயர் லாக்கர்ல ஒரு ஹார்மோன் மாத்திரை பாட்டிலைப் பார்த்து ஒரு நிருபர் செய்தி போட்டார். அப்ப அது கடையில கிடைக்கிற பொருள், பேஸ்பால்ல தடையும் இல்லை. ஒலிம்பிக்ல தடை. கோபம் யார் மேல திரும்புச்சு தெரியுமா? அந்த நிருபர் மேல. “அடுத்தவன் லாக்கரை ஏன் எட்டிப் பார்த்தே?”ன்னு.

2007 டிசம்பர்ல மிட்செல் அறிக்கை வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட வீரர்களோட பெயர்கள். 2010-ல் மெக்வயர் தானே ஸ்டீராய்டு எடுத்ததை ஒத்துக்கிட்டார். அதே வருஷம் அவர் ஒரு பெரிய அணிக்கு பேட்டிங் பயிற்சியாளரா வந்துட்டார். பாண்ட்ஸ் தெரிஞ்சு எடுக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றார். பத்து வருஷம் ஓட்டு நடந்தும் அவங்களோட புகழ் மண்டபத்துல அவருக்கு இடம் கிடைக்கலை; 2022-ல் கடைசி வாய்ப்புல 66 சதவீதம், தேவை 75. ஆனா அந்த 73-ம், மொத்தக் கணக்கான 762-ம் சாதனைப் புத்தகத்துல அப்படியே இருக்கு.

இதுல யாரும் பேசாத ஆட்கள் யார் தெரியுமா? பெரிய அணியில இடம் கிடைக்க ஒரு படி கீழ நின்னவங்க. ஊசி போட்டுக்கிட்டவன் மேல போனான், மறுத்தவன் பஸ்ஸேறி வீட்டுக்குப் போனான். அவனுக்கு எந்த அறிக்கையிலயும் பெயர் இல்லை. அமெரிக்காவுல போனது ஒரு கோடீஸ்வர ஒப்பந்தம். கரிசல்காட்டுல போறது ஒரு ஃபார்ம் டூ. ஆனா பறிக்கிற முறை ஒண்ணுதான்.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். கோமதி மாரிமுத்து. பெயர் ஞாபகம் இருக்கா? 2019 ஏப்ரல் 22, தோஹா. ஆசியத் தடகளப் போட்டி, பெண்கள் 800 மீட்டர். திருச்சி பக்கத்துல முடிகண்டம் கிராமத்துல இருந்து வந்த, 30 வயசான பொண்ணு, 2 நிமிஷம் 2.70 விநாடியில தங்கம் வாங்குறாங்க. ரெண்டு கால்லயும் வேற வேற நிறத்துல ஷூ. தமிழ்நாடே கொண்டாடுச்சு. கட்சிகள் போட்டி போட்டு பரிசுத்தொகை கொடுத்தாங்க. நான் அன்னைக்கு அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே தெரியாது. கடைசி 100 மீட்டர் இருக்கு பாருங்க, அந்த ஓட்டம்.

ஒரு மாசம் ஆகலை. மே மாதம் செய்தி வருது: நான்ட்ரலோன். பாட்டியாலாவில் மார்ச் 18-ம் தேதி ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியிலயே இருந்திருக்கு. தோஹாவில் எடுத்ததுலயும் இருந்தது. தெரிஞ்சு எதையும் எடுக்கலைன்னு அவங்க மறுத்தாங்க. பி மாதிரியும் பாசிட்டிவ். கடைசியில் நாலு வருஷத் தடை, 2019 மே 17-ல் இருந்து 2023 மே 16 வரை. தங்கம் போச்சு.

இங்க ஒரு தேதிக் கணக்கு இருக்கு, அது எனக்கு ரொம்ப உறுத்தும். மார்ச் 18-ல் மாதிரி எடுத்தாச்சு. தோஹா ஓட்டம் ஏப்ரல் 22. நடுவுல அஞ்சு வாரம். அந்த அஞ்சு வாரத்துக்குள்ள முடிவு வந்து கைக்குக் கிடைச்சிருந்தா அவங்க விமானமே ஏறியிருக்க மாட்டாங்க. தடகள சம்மேளனமும் அப்பவே இதைத்தான் சொல்லுச்சு. ஒரு ஊரே கொண்டாடி, அதே ஊர் முகத்தைத் திருப்பிக்கிட்ட அந்த அவமானம் நடந்திருக்காது. அதே 2019 ஆகஸ்ட்ல டெல்லியில இருக்கிற நம்ம தேசிய பரிசோதனைக் கூடத்தோட அங்கீகாரத்தை வாடா நிறுத்தி வெச்சுது. திரும்பக் கிடைக்க 2021 டிசம்பர் ஆச்சு. அதுவரைக்கும் மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போய் வந்துச்சு.

அப்ப சமூக ஊடகத்துல ரெண்டு கட்சி. ஒரு கட்சி “மானம் போச்சு”ன்னு திட்டுச்சு. இன்னொரு கட்சி “ஏழைப் பொண்ணு, சதி பண்ணிட்டாங்க, மன்னிச்சு விட்டுடணும்”னு சொல்லுச்சு. ரெண்டாவது கட்சியோட கோபம் எனக்குப் புரியுது. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. தோஹாவில் ரெண்டாவதா வந்தவர் சீனாவோட வாங் சுன்யூ. 2:02.96. கால் விநாடி வித்தியாசம். ரெண்டு வருஷம் கழிச்சு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டியில 1:57.00 ஓடி அஞ்சாவது வந்தவர். தோஹா தங்கம் கடைசியில அவருக்குத்தான். ஆனா மேடை கலைஞ்சு, தேசிய கீதம் முடிஞ்சு, கூட்டம் வீட்டுக்குப் போன பிறகு. சீனாக்காரர்தானேன்னு விட்டுடாதீங்க. பாட்டியாலாவுல இதே கணக்குல பின்னாடி போனவங்க நம்ம ஊர்ப் பொண்ணுங்க. அவங்க வீட்லயும் கூரை ஒழுகும். ஒரு ஏழைக்கு இரக்கப்பட்டு இன்னொரு ஏழையோட இடத்தை எடுத்துக் கொடுக்கிறது எனக்கு நியாயமாப் படலை. பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகணும். அதுல எனக்குத் தடுமாற்றம் இல்லை.

எனக்குத் தடுமாற்றம் அடுத்த இடத்துலதான். அந்த ஊசியை யார் போட்டது?

நான்ட்ரலோன் முடிகண்டத்து வயல்ல விளையாது. எலும்பு தேய்மானம், ரத்தசோகை மாதிரி சில நோய்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியல்ல வரும். அது ஒரு ஓட்டக்காரர் உடம்புக்குள்ள போச்சுன்னா, அவங்களாவே எடுத்தாங்களோ இல்லையோ, நடுவுல ஒரு தயாரிப்பு, ஒரு கடை, பெரும்பாலும் ஒரு ஆலோசகர் இருந்தாகணும். தடை உத்தரவுல ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. 2022-ல் திருச்சிப் பக்கத்து இன்னொரு ஓட்டக்காரர், தனலட்சுமி சேகர். முந்தின வருஷம் ஃபெடரேஷன் கோப்பையில டுட்டி சந்தையே தாண்டினவர். மெட்டான்டியனோன்ல சிக்கி காமன்வெல்த் அணியில இருந்து வெளிய வந்தார். மூணு வருஷத் தடை. அங்கயும் உத்தரவுல ஒரே பெயர்தான்.

விதி அப்படி. உன் உடம்புக்குள்ள என்ன இருந்தாலும் பொறுப்பு உன்னோடது. எப்படி வந்தது, யார் கொடுத்தான்னு நிரூபிக்கிற பாரமும் உன் தலையிலதான். ஸ்டீராய்டு மாதிரி பொருள்னா, வேணும்னு எடுக்கலைன்னு நீ நிரூபிக்கலைன்னா நாலு வருஷம். இது கொடூரமான விதின்னு தோணும். இது இல்லைன்னா எல்லாரும் “யாரோ ஜூஸ்ல கலந்துட்டாங்க”ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அதுவும் உண்மை. அதனால விதி இருக்கட்டும். ஆனா விசாரணை அந்த இடத்துலயே நின்னுடுது பாருங்க, அதைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன்.

2011 ஞாபகம் இருக்கவங்க கொஞ்சம் பேர் இருக்கலாம். 2010-ல் டெல்லி காமன்வெல்த், குவாங்சோ ஆசிய விளையாட்டு ரெண்டுலயும் 4x400 தொடர் ஓட்டத்துல இந்தியப் பெண்கள் தங்கம். அடுத்த வருஷமே அந்த அணியோட மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி உட்பட ஆறு ஓட்டக்காரர்கள் ஸ்டீராய்டுல சிக்கினாங்க. பயிற்சியாளர் உக்ரைன்காரர், யூரி ஓகோரோத்னிக். அவர் கொடுத்த ஜின்செங் சத்து மாத்திரையிலதான் ஏதோ இருந்திருக்கணும்னு இவங்க சொன்னாங்க. முதல்ல ஒரு வருஷத் தடை. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2012-ல் ரெண்டு வருஷமாக்குச்சு. பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கினாங்க. சரிதான்னு நினைக்கிறீங்களா? சில வருஷம் கழிச்சு அதே பயிற்சியாளரை மறுபடியும் இந்திய ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டாங்க.

மத்த ஊர்ல என்ன செஞ்சாங்க? பேஸ்பால் கதையில பால்கோன்னு ஒரு கலிஃபோர்னியா கம்பெனி வீரர்களுக்கு மருந்து சப்ளை செஞ்சுது. அதோட முதலாளி விக்டர் கான்டே ஜெயிலுக்குப் போனார். தண்டனை ரொம்பச் சின்னது, நாலு மாசம், ஆனாலும் போனார். கிழக்கு ஜெர்மனியில அரசாங்கமே சின்னப் பெண்களுக்கு வைட்டமின்னு சொல்லி நீல மாத்திரை கொடுத்துச்சு. ரெண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு, அதுக்குப் பின்னால இருந்த விளையாட்டுத் தலைவர் மன்ஃபிரெட் எவால்டையும், மருத்துவர் மன்ஃபிரெட் ஹோப்னரையும் பெர்லின் நீதிமன்றம் 2000-ல் குற்றவாளின்னு சொல்லுச்சு. அவங்க ஜெயிலுக்குள்ள போகலை, தண்டனையை நிறுத்தி வெச்சாங்க. ஆனா அந்தப் பெண்கள் நீதிமன்றத்துல நின்னு “எனக்குக் கொடுத்தது இந்த ஆள்”னு கைகாட்ட முடிஞ்சுது. நம்ம ஊர்ல 2022-ல் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் வந்தாச்சு. நாடாவுக்கு உள்ள போய்ச் சோதனை போட, பொருளைக் கைப்பற்ற அதிகாரம் இருக்கு. ஊக்கமருந்து கொடுக்கிறது, விக்கிறது, மறைக்கத் துணை போறது எல்லாமே விதிமீறல்தான். ஆயுள் தடை வரைக்கும் போகலாம். இந்தத் தம்பி மாதிரி 18 வயசு ஆகாத, இன்னும் பெரிய போட்டிக்குப் போகாத பிள்ளை சிக்கினா, கூட இருந்த பெரியவங்க மேல தானாகவே விசாரணை நடக்கணும்னும் விதி சொல்லுது. எழுத்துல எல்லாம் இருக்கு. சிக்கினவங்க பட்டியல்ல பயிற்சியாளர் பெயரைத் தேடுங்க, விரல்விட்டு எண்ணிடலாம்.

நான் கரிசல்காட்டுல பார்த்த மாவட்டப் போட்டி எதுலயும் ஒரு மாதிரி எடுத்து நான் பார்த்ததில்லை. பரிசோதனைங்கிறது பெரும்பாலும் மேல தேசிய அளவுல நடக்கிறது. ஆனா அண்ணாச்சிகள் நிக்கிறது கீழ, 16, 17 வயசுலதான். வலை மேல இருக்கு, மீன் கீழ இருக்கு.

இப்ப தம்பி விஷயம்.

மருந்து வேலை செய்யாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை செய்யும். தசை சீக்கிரம் வளரும், இன்னைக்குக் கடுமையா ஓடினா நாளைக்கும் அதே மாதிரி ஓடலாம், களைப்பு சீக்கிரம் ஆறும். வேலை செய்யறதாலதான் அதுக்குத் தடையே. ஆனா 17 வயசு உடம்புக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கு. எலும்போட நுனியில வளர்ச்சிக்கான குருத்துப் பகுதி இன்னும் முழுசா மூடியிருக்காது. வெளியில இருந்து ஸ்டீராய்டு போனா அது சீக்கிரம் மூடிக்கலாம். உயரம் அங்கயே நின்னுடும். உடம்பு தன்னோட ஹார்மோனைச் சுரக்கிறதைக் குறைச்சுக்கும், விதைப்பை சுருங்கும், மார்பு வீங்கும். பெண்களுக்குக் குரல் உடைஞ்சா பெரும்பாலும் திரும்பாது. கொழுப்புக் கணக்கு தலைகீழாகி இதயத்துக்குப் பாரம். மாத்திரையா எடுத்தா கல்லீரலும் சேர்ந்து அடி வாங்கும். இதுக்கெல்லாம் மேல, அண்ணாச்சி கொடுக்கிற குப்பியில லேபிள்ல எழுதினதுதான் உள்ள இருக்குன்னு யார் சொன்னது?

“ஏமாளித்தனமா?”ன்னு கேட்டீங்க. இந்தச் செலக்ஷன்ல ஒரு ஊசிக்காரன் உங்க தம்பியைத் தாண்டிப் போகலாம். நடக்கக்கூடியதுதான். அதுக்கு நான் ஆறுதல் சொல்லப் போறதில்லை, அது அநியாயம். ஆனா ஊசியோட தேசியப் போட்டிக்குப் போனா அங்க கப்பு நீட்ட ஆள் இருக்கும். நான்ட்ரலோன் ஊசியோட தடயம் மாசக்கணக்குல சிறுநீர்ல வரும். சிக்கினா அந்த ஃபார்ம் டூ வெறும் தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு தடை வந்தா வேலையும் ஆட்டம் காணும். அப்ப அந்த அண்ணாச்சி அடுத்த பையன்கிட்ட “எல்லாரும் போடுறதுதான்”னு சொல்லிட்டு இருப்பார்.

அதுக்குப் பதிலா செய்யக்கூடியது சப்புன்னுதான் இருக்கும், இருந்தாலும் சொல்றேன். டைமிங் ரொம்ப நாளா அசையலைன்னா முதல்ல அவனைக் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய் ஹீமோகுளோபின் பாருங்க. வளர்ற வயசுல ரத்தசோகை சாதாரணம். அது இருந்தா 400 மீட்டரோட கடைசி நூறுல காலு கல்லாயிடும். சரியான சிகிச்சையிலயே நேரம் குறையலாம், யாரும் தடை போட முடியாது. புரதத்துக்கு டப்பா வேண்டாம். நூறு கிராம் நிலக்கடலையில 25 கிராம் புரதம். நம்ம ஊர்ல விளையறதுதான். தூக்கம் எட்டு மணி நேரம், போனைத் தள்ளி வெச்சுட்டு.

டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் சொல்லச் சொல்லுங்க: “சார், நான் போட்டிக்கு ஓடுறவன்.” இருமல் மருந்துல இருக்கிற டெர்பூட்டலினாலதான் 2019-ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாசத் தடை வந்துச்சு. அவ்வளவு பெரிய வீரருக்கே, கடையில கிடைக்கிற சிரப்புல. நாடாவோட ‘நோ யுவர் மெடிசின்’ ஆப்ல மருந்துப் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆஸ்துமா மாதிரி நிஜமான நோய்க்குத் தடைசெஞ்ச மருந்து தேவைன்னா, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வழி இருக்கு. ஜிம்முக்குப் போறவங்களே, இது உங்களுக்கும்தான். நீங்க போட்டிக்குப் போகலைன்னா யாரும் தடை போட மாட்டாங்க, ஆனா உங்க கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கடைசியா, அந்த அண்ணாச்சிகிட்ட நேரா ஒண்ணு கேளுங்க. நீங்களே போன் போட்டுக் கேளுங்க, பையனை விட்டுக் கேட்க வேண்டாம். “அண்ணாச்சி, அந்தக் கோர்ஸ்ல என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்தக் கடையில வாங்கினது, இதை ஒரு தாள்ல எழுதி, கீழ உங்க பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்க. காசை அப்புறம் அனுப்புறேன்.” எழுதிக் கொடுத்தார்னா அந்தத் தாளை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.